புள்ளிக் கணக்கும் விடுமுறைப் பங்கும்



நம் ஊர்ப்புறத்து நிலப்பத்திரங்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லி முடித்த பின்னர், கிணற்றில் கால் பங்கு என்றோ அரைக்கால் பங்கு என்றோ ஒரு குறிப்பு வரும். நான்கு பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணறு அது. நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்து நீர் இறைப்பார்கள். கவலை கட்டி இறைத்த காலத்திலும் இவ்வழக்கம் இருந்தது. மோட்டார் வந்த பின்னும் மறையவில்லை. கால் பங்கு என்றால் கிணற்றின் நாலில் ஒரு மூலை தனக்குச் சொந்தம் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை இறைத்துக்கொள்ளும் உரிமை என்றே கொள்கிறார்கள். தன் முறை வரும் நாளில் மழை பெய்து நீர் வேண்டாதுபோனாலும் சரி, ஊருக்குப் போயிருந்தாலும் சரி, அந்த முறை கழிந்துவிடும். ஆனால் கிணற்றைத் தூர் வாரும்போது நான்கு பேரும் பணம் போட்டே ஆக வேண்டும். "நான் இவ்வாண்டு இறைக்கவே இல்லையே" என்று எவரும் தப்ப முடியாது.

இந்தக் கிணற்று முறையை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாதி விளங்கிவிடும். மலை வாசத்தலங்களிலும் கடற்கரைகளிலும் உள்ள விடுதி அறைகளை, ஆண்டுக்கு இத்தனை நாள் என்று பங்கு போட்டு விற்கும் முறைக்கு ஆங்கிலத்தில் டைம்ஷேர் என்று பெயர். நாம் அதனை முறைப்பங்கு என்றே சொல்லலாம். அதிலும் புள்ளிக் கணக்கில் விற்கப்படும் முறைப்பங்கு என்பது சற்றுச் சிக்கலானது. அதனைப் புதிதாக எதிர்கொள்ளும் குடும்பங்களுக்காகவே இப்பேச்சு.

பெங்களூரில் அலசூரை அடுத்து மர்பி டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இடம். அதனைத் திருத்தி அமைத்த பொறியாளர் மர்பியின் பெயரைப் பின்னர் ஏற்றது. பழையவர்கள் தண்டு என்று சொல்லும் இராணுவக் குடியிருப்பை நம்பி, தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னரே வந்து சேர்ந்த உழைப்பாளர் குடும்பங்கள் அங்கே மிகுதி. இன்று அக்குடும்பங்களின் மகனும் மருமகளும் கணினி நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ மாதச் சம்பளம் பெறுகிறார்கள். அவர்களோடு, நேற்றுத்தான் சேலத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலைக்கு வந்து அதே தெருவில் வாடகைக்குக் குடியேறிய இளந்தம்பதியரும் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு, ஊர்சுற்றிப் பார்க்க ஆசை, ஆண்டுக்குச் சில நாள் விடுப்பு: முறைப்பங்கு விற்போர் தேடுவது இவர்களைத்தான். மர்பி டவுனுக்குச் சொல்வது மும்பைத் தாராவிக்கும், டில்லியிலும் ஐதராபாத்திலும் வாழும் நம்மவர்க்கும் பொருந்தும்.

இவ்வணிகத்தின் பிறப்பிடம் ஐரோப்பா. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்னும் நிறுவனம் தோன்றியது. பங்கு வாங்கினோர் ஆண்டுதோறும் புள்ளிகள் பெற்று, அந்நிறுவனத்தின் விடுதிகளில் எங்கு வேண்டுமானாலும் தங்கும் முறையை அது வளர்த்தது. ஆயினும் உலகில் மிகுதியாகப் பரவியது வாரக் கணக்குத்தான். ஆண்டின் இன்ன வாரம், இன்ன விடுதியில், இன்ன அறை என்று விற்பார்கள். ஆண்டுதோறும் ஒரே இடத்துக்குப் போய் அலுத்தவர்களுக்காக, ஒருவர் வாரத்தை மற்றொருவர் வாரத்தோடு மாற்றித்தரும் ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம் 1974இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1991இல் டிஸ்னி நிறுவனம் அங்கே புள்ளி முறையில் விற்கத் தொடங்கியது. வேறு பெரிய நிறுவனங்களும் அவ்வழியே திரும்பின.

நம் நாட்டில் 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கோடைக்கானலிலும் உதகையிலும் விடுதிகள் அமைத்து இவ்வணிகத்தை மக்களுக்கு அறிமுகம் செய்தது. 1996இல் மஹிந்திரா குழுமத்தின் கிளப் மஹிந்திரா வந்தது. இருபத்தைந்து ஆண்டு, ஆண்டுக்கு ஏழு நாள் என்பது அது பல்லாண்டுகளாக விற்றுவந்த முதன்மைத் திட்டம். ஆண்டின் வாரங்களை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறமாகப் பிரித்து, நிறத்துக்கேற்ப விலை வைத்தது. ஊதாவே விலை மிக்கது, நீலம் மலிவு. நீலம் வாங்கியவருக்குக் கூட்டம் குறைந்த பருவமே உரிமை. பள்ளி விடுமுறைக்கும் நீலத்துக்கும் நெடுந்தொலைவு என்பதை வாங்கிய பின் உணர்ந்தவர் உண்டு. பின்னாளில் குறுகிய காலத்துக்கான புள்ளித் திட்டங்களும் நம் நாட்டில் வந்தன.

புள்ளி முறை எப்படி இயங்குகிறது? உறுப்பினராகச் சேரும்போது ஒருவர் வாங்குவது ஆண்டுதோறும் தம் கணக்கில் வரவு வைக்கப்படும் சில எண்கள். நூறு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். எந்த விடுதி, எந்தப் பருவம், வார நாளா வார இறுதியா, சிறிய அறையா இரண்டு படுக்கையறை கொண்ட பெரிய குடிலா என்பதையெல்லாம் பொறுத்து, ஓர் இரவுக்கு இத்தனை புள்ளி என்று அப்பட்டியல் சொல்லும். மே மாதத்துச் சனிக்கிழமை இரவுக்கு மலைமேல் இருபது புள்ளி என்றும், சூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவுக்கு அதே அறைக்கு ஏழு புள்ளி என்றும் கொள்வோம். இவை விளக்கத்துக்காக நாமே இட்ட எண்கள். அதே நூறு புள்ளி மே மாதத்து வார இறுதிகளில் ஐந்து இரவாகும். சூலை மாதத்து வார நாட்களில் பதினான்கு இரவாகும். "ஆண்டுக்குப் பதினான்கு நாள் தங்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னால் அது பொய்யன்று. ஆனால் அந்தப் பதினான்கு நாளும் குழந்தைகள் பள்ளியில் இருக்கும் மழைக்கால வார நாட்கள் என்பதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இம்முறையில் நன்மை இல்லாமல் இல்லை. வாரக் கணக்கில் ஏழு நாளையும் ஒருசேரக் கழிக்க வேண்டியிருக்கும் இடங்களில், புள்ளிக்காரர் இரண்டு நாள் இங்கும் மூன்று நாள் அங்குமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஓராண்டு போகாவிட்டால் மறு ஆண்டுக்குப் புள்ளிகளைக் கடத்தலாம். அவசரமென்றால் வரும் ஆண்டின் புள்ளியை முன்கூட்டியே வாங்கிச் செலவிடலாம். தாய் தந்தையரையும் உடன் அழைத்துச் செல்லும் ஆண்டில் பெரிய குடிலையும், இருவர் மட்டும் போகும் ஆண்டில் சிறிய அறையையும் எடுக்கலாம்.

ஆனால் இவ்வொவ்வொரு வசதிக்கும் ஒரு விதி உண்டு; அந்த விதியில்தான் உயிர் இருக்கிறது. கடத்திய புள்ளி எத்தனை காலம் செல்லும்? டிஸ்னியின் முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே ஒரு புள்ளியை ஒருமுறைதான் அடுத்த ஆண்டுக்குக் கடத்தலாம். அதையும் தம் ஆண்டின் முதல் எட்டு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். கடத்திய புள்ளியை மீண்டும் கடத்த வழியில்லை, செலவழியாவிட்டால் அழிந்துபோகும். கைக்கு வராமலே செல்லாதுபோகும் நாணயம் போன்றது அது. முன்பதிவுக்கும் அங்கே வரிசை உண்டு. தாம் பங்கு வாங்கிய விடுதிக்குப் பதினொரு மாதம் முன்னரும், மற்ற விடுதிகளுக்கு ஏழு மாதம் முன்னரும் பதிவு திறக்கும். ஆக, புள்ளி கையில் இருப்பது வேறு, அறை கிடைப்பது வேறு. வரிசையில் நிற்கும் உரிமையைப் புள்ளி தருகிறது. வரிசையின் முன்னே நிற்பவர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி வேறொன்று. அந்தப் பட்டியலை மாற்றும் அதிகாரம் யாருக்கு? நூறு புள்ளி என்னும் எண் இருபத்தைந்து ஆண்டும் மாறாதிருக்கலாம். ஆனால் மே மாதத்து இரவு இருபது புள்ளியிலிருந்து இருபத்தைந்து ஆகிவிட்டால், ஐந்து இரவு நான்காகச் சுருங்கிவிடும். ரூபாய் நோட்டின் எண் மாறாமலே அரிசி விலை ஏறுவது நமக்குப் புதிதன்று. டிஸ்னியின் ஒப்பந்தத்தில் ஒரு தடை இருக்கிறது: ஒரு பருவத்தின் புள்ளியை உயர்த்தினால் மற்றொரு பருவத்தில் அதனைக் குறைக்க வேண்டும், ஒரு விடுதியின் ஆண்டு மொத்தம் ஏறலாகாது. நாம் கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தில் இத்தகைய தடை உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் படியும் அவர்கள் கையில், நெல்லும் அவர்கள் கையில்.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கே உரிய ஒரு சங்கடத்துக்கு வருவோம். நிறுவனங்களின் விளம்பரத்தில் அது இடம்பெறுவதில்லை. இடம்பெற நியாயமும் இல்லை. நம்முடைய விடுப்பு நாட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அடகு வைக்கப்பட்டவை. ஊரில் பெற்றோர் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் போக வேண்டும். தீபாவளிக்குப் போகாவிட்டால் அம்மா முகம் வாடும். சித்திரையிலோ ஆடியிலோ குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பார்கள். சித்தப்பா மகள் கல்யாணம் வைகாசியில் வரும். பிள்ளைகளுக்குப் பள்ளி மூடும் ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் தாத்தா பாட்டியிடம் போவது வழக்கம். இவை போக மீதி எத்தனை நாள்? அந்த மீதி நாட்கள் ஆண்டின் எந்தப் பகுதியில் விழுகின்றன?

மர்பி டவுன் குடும்பம் ஒன்று, சுவரில் தொங்கும் நாட்காட்டியை இறக்கி வைத்துக்கொண்டு கடந்த மூன்றாண்டு விடுப்பையும் எழுதிப் பார்க்கட்டும். ஊருக்குப் போன நாட்களை ஒரு நிறத்திலும், உண்மையாகவே சுற்றுலா சென்று விடுதியில் தங்கிய இரவுகளை வேறு நிறத்திலும் குறிக்கட்டும். இரண்டாவது நிறம் ஆண்டுக்கு மூன்று நான்கு இடங்களில்தான் இருக்குமானால், ஏழு இரவுக்கோ பத்து இரவுக்கோ இருபத்தைந்து ஆண்டுப் பணம் கட்டுவது யாருக்காக? நல்ல பருவம் நமக்கு ஊர்ப் பருவம். அந்நாட்களில்தான் புள்ளியின் விலையும் உச்சியில் நிற்கும். புள்ளி மலிவான நாட்களிலோ நமக்கு அலுவலகமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருக்கும். இந்த இடுக்கில்தான் புலம்பெயர்ந்தோர் வாங்கிய புள்ளிகள் ஆண்டுதோறும் காலாவதியாகின்றன.

பயணச் சிக்கலும் இதனோடு சேர்கிறது. 2024 நவம்பர் 1 முதல் இரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னர்தான் திறக்கிறது. அதற்கு முன் நூற்றிருபது நாளாக இருந்தது. விடுதி அறையையோ, நல்ல பருவமானால், பல மாதம் முன்னரே பிடிக்க வேண்டியிருக்கும். அறை உறுதியாகி, இரயில் காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் நிலை வரலாம். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் செல்வோர் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. 2025 கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டியும் வார இறுதியில் 8,000 வண்டியும், கோடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வண்டியும் என வரம்பு கட்டப்பட்டது. கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியில் புறப்படுவோர் அறையைப் பதிவு செய்வதோடு நின்றுவிடாமல், அவ்வாண்டுக்குரிய ஆணை யாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. நான்கு இலட்சம் ரூபாய் கொடுத்து இருபத்தைந்து ஆண்டு முறைப்பங்கு, ஆண்டுக்கு ஏழு இரவு என்று எடுத்துக்கொள்வோம். விற்பனையாளர் போடும் கணக்கு எளிது. நான்கு இலட்சத்தை இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்குப் பதினாறாயிரம். அதனை ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 2,286 ரூபாய். "இந்த விலைக்கு இப்படி ஓர் அறை எங்கே கிடைக்கும்?" என்பார்.

நம் வீட்டுப் பெண்கள் சீட்டுக் கட்டிப் பழகியவர்கள். பணத்துக்குக் காலத்தில் ஒரு விலை உண்டென்பது அவர்களுக்குத் தெரியும். அந்த நான்கு இலட்சத்தை வங்கியில் ஏழு விழுக்காடு வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 28,000 ரூபாய் வரும். அவ்வருவாயை இழக்கிறோம். அடுத்து ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இருக்கிறது. அது 18,000 என்று கொண்டால், பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 21,240 ரூபாயாகும். இரண்டையும் கூட்ட 49,240. ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவுக்கு 7,034 ரூபாய். அவ்வாண்டு நான்கு இரவுதான் தங்க முடிந்ததென்றால் 12,310 ரூபாய். இதில் இரயில் கட்டணமும் இல்லை, சாப்பாடும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து வங்கியில் போட்ட நான்கு இலட்சம் அப்படியே இருக்கும். விடுதிக்குத் தந்த நான்கு இலட்சம் திரும்பாது. மாதத் தவணையில் கட்டினால் அதற்குரிய வட்டியும் சேரும்.

உண்மை விலைகள் வேறாயிருக்கலாம். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது. அதே பருவத்தில், அதே தரத்து அறை, எவரும் வாங்கக்கூடிய சந்தை விலையில் எவ்வளவு என்று கைபேசியில் பார்த்து, இவ்வெண்ணோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் உதகையிலும் கோடைக்கானலிலும் ஏற்காட்டிலும் இருக்கின்றன. கர்நாடகக் கழகத்தின் மயூரா விடுதி ஒன்று உதகையிலேயே இருக்கிறது. வசதியில் அவை சற்றுக் குறையலாம். ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல்.

பராமரிப்புக் கட்டணத்தை இன்னும் சற்று நோக்க வேண்டும். கிணற்றில் தூர் வாரும் செலவு என்று முன்னர்ச் சொன்னோமே, அது இதுதான். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பதிவு நிறுத்தப்படும். நிலுவைக்கு வட்டி ஏறும். கிணற்றுப் பங்காளிகள் நால்வரும் கூடி உட்கார்ந்து செலவைப் பேசித் தீர்மானிப்பார்கள். இங்கே செலவைத் தீர்மானிப்பது நிறுவனம்; பங்காளி இரசீது பெறுபவர் மட்டுமே. கட்டணம் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும். இன்று முப்பது வயதுத் தம்பதி கையெழுத்திட்டால், கடைசித் தவணைக் கட்டணத்தை அவர்கள் ஐம்பத்தைந்தாம் வயதில், அதாவது மகள் கல்யாணக் கடனோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஆகவே, உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா, எந்த விலைக் குறியீட்டோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் காண வேண்டும்.

விற்கும் விதத்தைப் பற்றி நம்மவர் அனேகர் அறிவர். கடைத்தெருவில் ஒரு சீட்டில் பெயரும் எண்ணும் எழுதி வாங்குகிறார்கள். சில நாளில் தொலைபேசி வருகிறது. பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இருவரும் என்பதில் காரணம் இருக்கிறது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்னும் நல்ல வாயிலை அது அடைத்துவிடுகிறது. ஓட்டல் மண்டபத்தில் இரண்டு மூன்று மணி நேரம் பேச்சு நடக்கும். இந்த விலை இன்று மாலை வரைதான் என்பார்கள். நாளைக்கு இல்லாத விலை இன்றைக்கு மட்டும் எதற்காக இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

வெளிமாநிலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. எதிரே அமர்ந்தவர் நம் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்குவார். "எந்த ஊர் நீங்கள்? நமக்கும் பக்கத்து ஊர்தான்!" கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நாளெல்லாம் பேசிக் களைத்த காதுக்கு அது எவ்வளவு இதம் என்பதைப் புலம்பெயர்ந்து வாழ்ந்தவரே அறிவர். அவர் நேர்மையான பிள்ளையாகவே இருக்கலாம். தம் வயிற்றுப்பாட்டைப் பார்க்கிறார். ஆனால் வாக்குறுதி தமிழில் இருக்கிறது; ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எழுதிய தாளில் இல்லாத சொல்லை மன்றத்தில் நிலைநாட்டுவது அரிது. எழுதி முடித்த ஒப்பந்தங்களில், விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு விதியே இருப்பதுண்டு. எனவே, தமிழில் கேட்ட ஒவ்வொன்றையும், "இது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் தம்பி" என்று அன்பாகவே கேட்கலாம். காட்ட முடியாததை இல்லையென்றே கொள்வோம்.

அந்தத் தாளில் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று, நாம் தரும் தொகை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது. நம் நாட்டு ஒப்பந்தங்கள் சிலவற்றில் தொகையைச் சேர்க்கைக் கட்டணம், உரிமைக் கட்டணம் என இரு கூறாக்கியிருப்பார்கள். முன்னது திரும்பாது, இடையில் விலகினால் பின்னதில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்கு உரியதே கணக்கிடப்படும். ஆகவே நான்கு இலட்சம் கட்டியவர் இரண்டாண்டில் விலகினால் ஏறத்தாழ முழுத்தொகையும் வரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மற்றொன்று, மனம் மாறினால் விலகும் காலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை, கையெழுத்திட்ட பின் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்கிறது. அதுவரை முன்பணம் வாங்குவதையும் தடுக்கிறது. நம் நாட்டில் முறைப்பங்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் தம் விதிகளில் தாமாகவே சில நாள் அவகாசம் தருகின்றன. அது எத்தனை நாள், எந்த நாளிலிருந்து எண்ணுவது, கடிதமா மின்னஞ்சலா என்பதைக் கையெழுத்திடும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகையை இங்கே பிரித்துக் காட்டியாக வேண்டும். அது விடுமுறை என்னும் உடையில் வரும் வேறு சரக்கு. "நீங்கள் தங்க வேண்டியதே இல்லை. தங்காவிட்டால் சில ஆண்டில் இத்தனை மடங்காகப் பணம் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பான்கார்டு கிளப்ஸ் என்னும் நிறுவனம் விடுதி இரவுகளை விற்றது. தங்காதவர்க்குக் காலமுடிவில் ஒரு தொகை தருவதாகத் திட்டம் வைத்திருந்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு இதனை ஆராய்ந்து, இது பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று முடிவு செய்து, பணத்தைத் திருப்பித்தருமாறு 2016 பிப்ரவரியில் ஆணையிட்டது. தொகை ஏழாயிரம் கோடி ரூபாயளவு. பணம் போட்டவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பாலோர் சிறு சேமிப்பாளர்கள். ஆணை பிறந்த அன்றே பணம் கைக்கு வந்துவிடவில்லை. சொத்துகளைக் கைப்பற்றி விற்கும் நெடிய வேலை அதன்பின் தொடங்கியது. முறைப்பங்கு என்பது செலவு. அதனை வருமானம் என்று எவரேனும் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்துவிடுவது நல்லது.

அப்படியாயின் முறைப்பங்கு யாருக்கும் ஆகாதோ என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. ஊரில் பெரியவர்கள் காலமாகி, வீடும் பாகமாகி, போய் இறங்க ஓர் இடமில்லாத குடும்பங்கள் புலம்பெயர்ந்தோரிடையே மெல்லப் பெருகுகின்றன. அண்ணன் பெங்களூரில், தங்கை புனேயில், தம்பி துபாயில் என்று சிதறியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் சமைத்துச் சாப்பிட்டு இருப்பதற்கு, அடுப்பறையோடு கூடிய இரண்டு படுக்கையறைக் குடில் நல்ல இடம். ஓய்வு பெற்றவர்களுக்குச் சூலையும் செப்டம்பரும் ஒன்றுதான். மலிவான புள்ளியில் நெடுநாள் தங்குவார்கள். இத்தகையோர் புதிதாக வாங்கும் முன், ஏற்கெனவே உறுப்பினராயுள்ள ஒருவரின் புள்ளியிலோ வாரத்திலோ, விருந்தினர்க்கான விதிப்படி, ஒருமுறை தங்கிப் பார்க்கலாம். பயன்படுத்த இயலாத உறுப்பினர் சிலர் தம் உரிமையை வாங்கிய விலையிலும் மிகக் குறைத்து மாற்றிக்கொடுக்கவும் முன்வருகிறார்கள். மாற்றுக் கட்டணம் எவ்வளவு, பழைய நிலுவை உண்டா, மாற்றியபின் எல்லாச் சலுகையும் தொடருமா என்பவற்றை நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் கைமாற வேண்டும். பழைய உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று தொலைபேசியில் அழைப்போர் தனி இனம். அவர்களுக்கு விடை சொல்லவும் வேண்டுவதில்லை.

ஏற்கெனவே கையெழுத்திட்டு அல்லற்படுவோர் நம் நேயர்களில் இருக்கலாம். அவர்களுக்குச் சில செய்திகள். ஒப்பந்தத்தில் வழக்கெல்லாம் நிறுவனத்தின் தலைமை ஊரிலேயே என்று எழுதியிருக்கும். நடுவர் மன்றம் என்றும் எழுதியிருக்கும். அஞ்ச வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். மர்பி டவுனில் குடியிருப்பவர் பெங்களூரிலேயே முறையிடலாம். மும்பைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. நடுவர் மன்ற விதி இருப்பது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்துவிட்டது. கொடுத்த தொகை ஐம்பது இலட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பில் அடங்கும். ஐந்து இலட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்னும் நிறுவனத்தின் மின்னஞ்சல்களை நம்பி இக்காலத்தைக் கடத்திவிடுவோர் பலர்.

ஆணையத்துக்குப் போகுமுன் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது ஒப்பந்தத்தின் நகல், பணம் கட்டிய இரசீதுகள், அறை கேட்டு எழுதிய மின்னஞ்சல்கள், அறை இல்லையென்று வந்த விடைகள் ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கி எதிரே வைத்துக்கொள்க. தொலைபேசியில் கேட்டு மறுக்கப்பட்ட அறைகளுக்குச் சான்று நில்லாது. ஆகவே இனிக் கேட்கும்போதெல்லாம் எழுத்திலேயே கேட்டு, விடையையும் எழுத்திலேயே பெற்று, அன்றைய தேதியோடு சேர்த்து வைத்துவர வேண்டும்.